பெரில் ஹோல்ராய்டும் வராத ஆட்டக்காரரும்

பெரில் ஹோல்ராய்டைக் கால்பந்து ரசிகையாக்கியது ஒரு குடை.

மிஸ் ஆர்மிட்டேஜின் கம்பளி நூல் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு சனிக்கிழமை மதியம், மனைவிக்குச் சாம்பல் நிற நூல் வாங்க வந்த ஒருவர் குடையைக் கவுன்டரில் சாய்த்து வைத்துவிட்டு, எதற்கோ நேரமாகிவிட்டதைப்போல ஓடினார். ஹார்ல்ஷாவில் மழை வருவதும் போவதும் கிடையாது, அது அங்கேயே குடியிருக்கிறது. மனிதர் நனைந்து சாவாரே என்று பதறிப்போய்ப் பெரிலும் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அவர் இரண்டு சந்து திரும்பி கால்பந்து மைதானத்தின் சுழல்வாயிலுக்குள் நுழைந்து மறைந்தார். வாயிற்காரர் காசு கேட்டார், கொடுத்தாள். உள்ளே போனால் ஆயிரக்கணக்கான முதுகுகள், அத்தனையும் ஒரே மாதிரி நனைந்த முதுகுகள். இதில் எது குடைக்காரருடையது என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஊர் அணியான ஹார்ல்ஷா டவுன் ஒரு கோல் போட்டுவிட்டது. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் அவளை அலாக்காகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டார்.

"மன்னிச்சுக்க கண்ணு," என்றார். "இது இங்க அடிக்கடி நடக்கிறதில்ல."

அன்றைக்கு உள்ளே போனவள் அதற்கப்புறம் முழுசாக வெளியே வரவேயில்லை. குடையும் திரும்பிப் போகவில்லை. ரசிகர்கள் நின்று பார்க்கும் கிழக்குப் படிகளின் ஓரத்தில், வெளியூர் ரசிகர்களைத் தடுக்கும் கம்பி வேலிக்குப் பக்கத்தில், கூரை ஒழுகும் இடம் ஒன்று உண்டு. அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். பெரில் அந்தக் குடையை விரித்துக்கொண்டு அங்கே நின்றாள். அவள் கல்யாணம் செய்துகொண்டாள், கணவனைப் பிடிக்காமல் அனுப்பிவிட்டாள், மகளைச் செவிலிக்குப் படிக்க வைத்தாள், தலை நரைத்தது. சனிக்கிழமைகளில் மட்டும் அதே ஒழுகல், அதே குடை.

பிற்பாடு அவள் நடத்திய ரசிகர் பத்திரிகையின் பெயரும் அந்த ஒழுகலிலிருந்துதான் வந்தது. கிளப் விற்கும் ஆட்டக் கையேடு ஒன்று இருந்தது. பளபளவென்று இருக்கும். நான்கு கோல் வாங்கித் தோற்றாலும் 'நம்பிக்கை ஊட்டும் ஆட்டம்' என்று எழுதும். தபால்காரர் டெரெக் பிக்கிள்ஸ் இதைப் படித்துப் படித்து வயிறெரிந்து, கையேட்டுக்கு எழுதி எழுதிப் பார்த்து, ஒன்றையும் அவர்கள் போடவில்லை என்றதும் ஒருநாள் படிகளில் பெரிலிடம் வந்து நின்றார்.

"உங்கிட்ட டைப்ரைட்டர் இருக்காமே?"

"இருக்கு. 'ர' அடிச்சா மட்டும் மேல தூக்கும்."

"பரவால்ல. நாமளே ஒண்ணு போடுவோம்."

அப்படிப் பிறந்தது 'ஒழுகும் கூரை'. ரயிலடி பப்பின் பின்னறையில்தான் அச்சடிப்பது தவிர மற்ற எல்லாம் நடந்தது. பெரில் தட்டச்சு அடிப்பாள், டெரெக் கத்தரித்து ஒட்டுவார், வெளியூர் ஆட்டங்களைப் பற்றி எழுதும் நோரிஸ் பியர் குடிப்பார். அச்சடித்துத் தாள்கள் வந்ததும் நீள மேசையைச் சுற்றி வரிசையாக நடந்து, பக்கம் பக்கமாகப் பொறுக்கி, மடித்து, பின் அடிப்பார்கள். பப்பில் குடிக்க வந்தவர்களும் தப்ப முடியாது, அவர்களையும் ஒரு சுற்று நடக்கவிட்ட பிறகுதான் டெரெக் வழிவிடுவார். அட்டையில் ஒவ்வொரு இதழிலும் ஒரே வரி இருக்கும்: 'இதில் பொய் கிடையாது. தோற்றால் தோற்றோம்.' அந்த வரி பெரில் எழுதியது. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. ஊரில் நூல் கடைக்காரி என்பதைவிட 'கூரைக்காரி' என்றால்தான் அவளைத் தெரியும். "கூரையில போட்டிருக்கு" என்றால் அதற்கு மேல் யாரும் வாதாட மாட்டார்கள்.

எண்பத்தெட்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அந்த வரிக்குத்தான் வந்தது கேடு. அதற்குக் காரணம் நோரிஸ்.

வெளியூர் ஆட்டத்துக்குப் போன ரசிகர் பேருந்து வழியில் தேநீருக்கு நின்றது. நோரிஸ் இறங்கி, கழிவறைக்குப் போய்விட்டு, தவறான பேருந்தில் ஏறி, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிட்டார். அந்தப் பேருந்து வேறோர் ஊருக்கு, வேறோர் ஆட்டத்துக்குப் போனது. அவர்களுக்கும் நம்மைப்போலவே திராட்சைச் சிவப்புச் சட்டை. நோரிஸ் தொண்டை வறளக் கத்தினார், பாட்டுக் கட்டினார், பக்கத்தில் இருந்தவரோடு சண்டையும் போட்டார்.

"எப்பதான்யா தெரிஞ்சுது உனக்கு?" என்று டெரெக் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"நம்ம ஆளுங்க மூணு கோல் போட்டதும்தான் லேசா சந்தேகம் வந்துச்சு," என்றார் நோரிஸ்.

அந்த ஆட்டத்தைப் பற்றி அவர் எழுதிக் கொண்டுவந்ததைப் போட முடியாது, நம் ஆட்டத்தை அவர் பார்க்கவேயில்லை. அரைப் பக்கம் காலி. தாளை மடித்தால் நான்கு நான்கு பக்கமாகத்தான் வரும், அரைப் பக்கத்தை வெட்டி எறிய வழியில்லை. வெறுமையாக விட்டால் கிளப் மிரட்டி எடுக்கச் சொன்னது என்பார்கள். மறுநாள் காலையில் அச்சுக்கு.

பெரில் கைப்பையைத் துழாவினாள். கடையில் அன்று பிரித்த நூல் பொதியின் காகிதப் பட்டை ஒன்று உள்ளே கிடந்தது. தூர வடக்குக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளிலிருந்து வந்த நூல். பட்டையில் மந்தைக்காரர் பெயர் டோர்கில், கிராமத்தின் பெயர் வாக். அவள் மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, ஒரு வாய் பியரும் குடித்துவிட்டு, 'காதில் விழுந்தது' என்று தலைப்பிட்டு அடிக்கத் தொடங்கினாள்.

ஃபாரோ தீவுகளைச் சேர்ந்த டோர்கில் வாக் என்னும் முன்வரிசை ஆட்டக்காரர் மீது ஹார்ல்ஷா டவுன் கண்வைத்திருப்பதாகக் கேள்வி. மீன்பிடிப் படகில் வேலை. ஊரின் மைதானம் செங்குத்தான பாறை நுனியில் இருப்பதால், இலக்குத் தப்பினால் பந்து கடலில் விழும், உதைத்தவரே நீந்திப் போய் எடுத்து வரவேண்டும் என்பது அங்கே விதி. எனவே வாக் இதுவரை இலக்குத் தப்பியதே இல்லை. காற்றில்லாத நாளில் மட்டும் சற்றுத் தடுமாறுவார்.

டெரெக் படித்துவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார். "அட்டையில பொய் கிடையாதுன்னு போட்டிருக்கே?"

"இதை எவன் நம்புவான்?" என்றாள் பெரில்.

நம்பினார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஹார்ல்ஷா சொந்த மைதானத்தில் கேவலமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. பந்து ஒன்று கூரைக்கு மேலே பறந்து தெருவில் விழுந்தது. படிகளில் எங்கிருந்தோ ஒரு குரல், "அதை நீந்திப் போய் எடுடா!" என்றது. சிரிப்பு. பிறகு இன்னொரு குரல், "டோர்கிலை எப்பய்யா கூட்டி வரப் போறீங்க?" அதற்குச் சிரிப்பு வரவில்லை. அங்கொருவர் இங்கொருவராகக் கைதட்டத் தொடங்கி, கடைசியில் கிழக்குப் படிகள் முழுவதும், "டோர்-கில்! டோர்-கில்!" என்று காலால் மிதித்துக்கொண்டு பாடியது. தகரக் கூரை அதிர்ந்து, பெரிலின் குடை மேல் துரு கொட்டியது.

திங்கட்கிழமை கடை திறந்ததும் ஒரு தடித்த ஆள் வந்து வெள்ளை, சிவப்பு, நீலம் மூன்றும் கேட்டார்.

"எதுக்கு கண்ணு?" என்றாள் பெரில்.

"ஃபாரோ கொடி இந்த மூணு நிறந்தானாம். பொண்டாட்டி மஃப்ளர் பின்னுறா. அவரு வந்து இறங்கும்போது போட்டுக்கிட்டுப் போய் நிக்கணும்ல?"

மதியத்துக்குள் அப்படிப் பதினைந்து இருபது பேர். மிஸ் ஆர்மிட்டேஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாழ்நாளில் ஆண்கள் கூட்டமாக அவள் கடைக்கு வந்ததே இல்லை. மூன்று நிறத்திலும் பெட்டி பெட்டியாக நூல் வரவழைக்கச் சொன்னாள். பெரில் சொல்லிப் பார்த்தாள்தான், "மிஸ் ஆர்மிட்டேஜ், அவசரப்பட வேணாம், அந்த ஆளு வராமலும் போகலாம்," என்று.

"உனக்கென்ன தெரியும்? நேத்து ஸ்டேஷன்ல இறங்கியிருக்காரு," என்றாள் மிஸ் ஆர்மிட்டேஜ். "என் பல் டாக்டர் பார்த்திருக்காரு. நல்ல உயரமாம். மீன் வாடையாம்."

பெரிலுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது, அதற்குப் பிறகு வந்ததுதான் விசித்திரம். ஆவல் வந்தது. அவள் எழுதியது அரைப் பக்கம். ஊரார் பேசுவதோ அதைப்போலப் பத்து மடங்கு. வாடகைக்கு அறை கேட்டாராம். காலையில் ஆறு முட்டை சாப்பிடுவாராம். நாய் என்றால் பயமாம், ஏனென்றால் தீவில் ஆடு மட்டும்தானாம். கவுன்டரில் நூலை எடைபோடும் சாக்கில் அவள் ஒவ்வொருவரையும் கேட்கத் தொடங்கினாள்.

"ஏன் கண்ணு, அவரு எந்தக் கால்ல உதைப்பாரு?"

"இடது கால்," என்றார் மெக்கானிக்.

"இடது," என்றாள் பள்ளி ஆசிரியை.

"இடது கால்தான், சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்," என்றார் பாதிரியார்.

அவள் கால் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை. அன்று மாலை பேருந்தில் போகும்போது, நனைந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, அவர் இடதுகாலராகத்தான் இருக்கவேண்டும் என்று அவளுக்கே தோன்றியது.

இது இப்படியே போயிருந்தால் ஒரு சிரிப்பாகவே முடிந்திருக்கும். ஆனால் கிளப்பின் சேர்மன் சிட்னி கார்சைடு குறுக்கே வந்தார். குளியல்தொட்டி வியாபாரம் செய்பவர், கூட்டம் எந்தப் பக்கம் பாடுகிறதோ அந்தப் பக்கம் தலையாட்டுபவர். மாலைப் பத்திரிகைக்காரர் டோர்கில் பற்றிக் கேட்டதும், தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "பேச்சுவார்த்தை நல்லபடியா போய்க்கிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டார். வாரங்கள் போயின. ஆள் வரவில்லை. இப்போது ஒரு காரணம் வேண்டுமே? "சில பேருக்கு வெளிநாட்டு ஆட்டக்காரங்க பிடிக்கிறதில்ல. யாருன்னு நான் சொல்ல மாட்டேன்," என்று மேனேஜர் ஆர்ச்சி மெக்ஃபெயிலின் பக்கம் கைகாட்டினார்.

அடுத்த ஆட்டத்தில் படிகளில் ஒரு பழைய போர்வையை விரித்துப் பிடித்திருந்தார்கள். அதில் சாயத்தால் எழுதியிருந்தது: டோர்கில் உள்ளே, மெக்ஃபெயில் வெளியே.

பெரில் அதைக் குடைக்கடியில் நின்று படித்தாள். ஒழுகல் அவள் காலரில் விழுந்ததைக்கூட உணரவில்லை.

மெக்ஃபெயில் ஸ்காட்லாந்துக்காரர். சிடுமூஞ்சி என்று பெயர். அவரைப் பற்றி ஊருக்குத் தெரியாத ஒன்று பெரிலுக்குத் தெரியும். மருத்துவர் சிகரெட்டை நிறுத்தச் சொன்னதிலிருந்து, கை நடுங்காமல் இருக்க அவர் மஃப்ளர் பின்னுகிறார். ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று, கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பின்வாசல் வழியாக வருவார். கூரைக்கு இதைவிட நல்ல செய்தி கிடைக்காது, ஆனால் அவள் டெரெக்கிடம்கூடச் சொன்னதில்லை.

அந்தப் புதன்கிழமை அவர் வந்தபோது கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"சாம்பல் நிறம் இருக்கா பெரில்?"

"இல்ல ஆர்ச்சி. இப்ப கடையில மூணு நிறந்தான். வெள்ளை, சிவப்பு, நீலம்."

"அதையே குடு. எதையாவது பின்னித்தானே ஆகணும்." கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். "திங்கக்கிழமை கிளப் போர்டு கூடுது. அதுக்குள்ள அந்த வாக் கையெழுத்துப் போடலைன்னா நான் பெட்டியைக் கட்டணுமாம். எம்பொண்ணு இப்பதான் பள்ளிக்கூடத்துல ரெண்டு சிநேகிதம் பிடிச்சிருக்கா. எத்தனை ஊருதான் மாறுவா அவளும்? இத்தனைக்கும் நான் தேடாத இடம் இல்ல. அந்தத் தீவுக்கு டெலிபோன் போட்டேன். ஒரு ஆட்டுக்காரர் எடுத்தாரு. ரொம்ப நல்ல மனுஷன், பனிமூட்டம் பத்தி அரை மணி நேரம் பேசினாரு. ஆனா வாக்கைத் தெரியாதாம். எனக்கே என்மேல சந்தேகம் வந்திடுச்சு. ஊரே பார்த்த ஆளை நான் மட்டும் எப்படித் தவற விட்டேன்?"

பெரில் நூல்கண்டைக் கீழே வைத்தாள்.

"ஆர்ச்சி, அப்படி ஒரு ஆளே இல்ல. அரைப் பக்கம் காலியா இருந்துச்சு, நான்தான் எழுதினேன். பேரு இந்த நூல் சுத்தி வந்த பேப்பர்ல இருந்து எடுத்தது."

மெக்ஃபெயில் அந்த நூல்கண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இடது கால்னு சொன்னாங்களே?" என்றார்.

"அது நான் எழுதல."

"அப்ப அது மட்டும் எப்படி…" என்று தொடங்கி, நிறுத்தி, முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். கோபித்துக்கொள்வார் என்று அவள் காத்திருந்தாள். அவரோ நூலை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். கதவில் கை வைத்தபடி, "பாவம், நல்ல ஆட்டக்காரனா இருந்திருப்பான்," என்று மட்டும் சொன்னார்.

பெரில் கோட்டை மாட்டிக்கொண்டு நேரே கார்சைடின் காட்சியறைக்குப் போனாள். சேர்மன் ஒரு இளஞ்சிவப்புக் குளியல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

"மிஸ்டர் கார்சைடு, டோர்கில் வாக்னு யாரும் கிடையாது. நான் கட்டிவிட்ட கதை. மெக்ஃபெயில் மேல தப்பில்ல."

கார்சைடு மென்று விழுங்கினார். "கிடையாதா? போன வாரம் நான் அவருகிட்ட பேசினேனே."

"பேசினீங்களா? யாருகிட்ட?"

"வாக்கிட்டதான்."

"என்ன சொன்னாரு?"

"அதிகமா ஒண்ணும் சொல்லல. அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது."

பெரிலுக்கு அங்கேயே கத்த வேண்டும்போல இருந்தது. ஆனாலும் நாக்கு நிற்கவில்லை. "குரல் எப்படி இருந்துச்சு?"

"கனமான குரல்," என்றார் கார்சைடு யோசித்து. பிறகு சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். "இதோ பாரு கண்ணு. பத்திரிகையில சொல்லியாச்சு, போர்டுலயும் சொல்லியாச்சு. இப்பப் போய் ஆளே இல்லைன்னா நான் யாரு? வீட்டுக்குப் போ. ஒரு நல்ல தொட்டி வேணும்னா சொல்லு, விலை குறைச்சுத் தரேன்."

மிச்சம் இருந்தது கூரை ஒன்றுதான். சனிக்கிழமை ஆட்டத்துக்கு டெரெக் ஒற்றைத் தாளாக ஒரு தனி இதழ் அடித்தார். பெரிய எழுத்தில்: டோர்கில் வாக் என்று யாருமில்லை. அரைப் பக்கத்தை நிரப்ப நான் எழுதிய பொய். மெக்ஃபெயில் குற்றமற்றவர். மன்னிக்கவும். பெரில் ஹோல்ராய்டு.

'ர' வரும் இடமெல்லாம் எழுத்து மேலே தூக்கிக்கொண்டிருந்தது. டெரெக் தாளைப் பார்த்துவிட்டு, "இதோட நம்ம கடை மூடிடும், தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும். விக்காத, சும்மா குடு."

வாயிலில் இருவரும் மழையில் நின்று கொடுத்தார்கள். கூட்டம் வாங்கியது, நின்று படித்தது, தலைநிமிர்ந்து பெரிலைப் பார்த்தது. ஏச்சுக்கு அவள் தயாராக இருந்தாள். முதல் ஆளாக மூன்று நிற நூல் வாங்கிய அந்தத் தடித்த ஆள் அவள் தோளில் கை வைத்தார்.

"எவ்வளவு மிரட்டுனாங்க கண்ணு?"

"யாரும் மிரட்டல. நிஜமாவே நான்தான்…"

"புரியுது, புரியுது. சொல்ல முடியாது உன்னால. இங்கயே பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருப்பானுங்க." குரலைத் தாழ்த்தினார். "ஆளை எங்க ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு மட்டும் கண்ணால காட்டிடு."

"அடேய், ஆளே இல்லடா!"

"பார்த்தியா, அழுகை வந்திடுச்சு பாவம்," என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அன்று படிகளில் புதுப் பாட்டு ஒன்று பிறந்தது, 'எங்கே ஒளித்தாய் எங்கள் டோர்கிலை' என்று. மெக்ஃபெயில் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஹார்ல்ஷா அந்த ஆட்டத்தில் ஜெயித்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஞாயிறு முழுவதும் பெரில் தட்டச்சுப்பொறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு பொய் எழுதினால் ஊர் நம்புகிறது, அது பொய் என்ற உண்மையை எழுதினால் ஊர் நம்பவில்லை. இதற்கு மேல் அடிக்க அவளிடம் எழுத்து இல்லை.

திங்கட்கிழமை காலை. மாலையில் போர்டு. கடையில் முதல் ஆளாக வந்தவள் ஐவி ஸ்ட்ரிங்கர். மாலைப் பத்திரிகை வாரத்துக்கு ஆறு நாள்தான் வரும், ஐவி ஏழு நாளும் வருவாள். அவளுக்குத் தெரிந்த ஒன்று பேருந்தைவிட வேகமாக ஊரைச் சுற்றிவிடும்.

"வெள்ளை ரெண்டு குடு பெரில். மருமகனுக்கு மஃப்ளர் பாதியில நிக்குது."

"வெள்ளை இல்லையே ஐவி."

"சிவப்பு?"

"அதுவும் இல்ல. நீலமும் இல்ல." பெரில் வேறு நினைவாக மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மிஸ் ஆர்மிட்டேஜ், தான் ஆசைப்பட்டு வரவழைத்ததில் மீந்து கிடந்த பெட்டிகளை எல்லாம், க்ராக்டனில் நூல் கடை வைத்திருக்கும் தன் தங்கைக்குச் சனிக்கிழமை வேனில் அனுப்பிவிட்டாள். "மூணு நிறமும் மொத்தமா க்ராக்டனுக்குப் போயிடுச்சு."

துடைத்து முடித்துப் பெரில் நிமிர்ந்து பார்த்தாள். ஐவி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் க்ராக்டன். அந்த ஊர்க்காரனுக்குப் பெண் கொடுத்தாலும் கொடுப்போம், ஆட்டத்தில் ஒரு புள்ளி கொடுக்க மாட்டோம்.

"க்ராக்டனுக்கா?" என்றாள் ஐவி மெதுவாக.

"ஆமா."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"அவனுங்களுக்கு எதுக்கு இப்ப வெள்ளையும் சிவப்பும் நீலமும்?"

பெரில் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். தங்கை கடை, மீந்த பெட்டி, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஐவியின் முகத்தில் எழும்பிக்கொண்டிருந்த சிவப்பைப் பார்த்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். வாழ்நாளில் அவள் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

"துரோகி," என்றாள் ஐவி, யாரை என்று சொல்லாமல். பணப்பையைக்கூட எடுக்காமல் வெளியே போனாள்.

மதியம் பெரில் சிப்ஸ் வாங்கப் போனபோது கடைக்காரர் எண்ணெயில் கரண்டியை வைத்துக்கொண்டே, "கேட்டியா பெரில்? வாக் க்ராக்டன்ல சேர்ந்துட்டானாம். கையெழுத்தே ஆயிடுச்சாம்," என்றார். பேருந்து நிறுத்தத்தில் அது இரண்டு வருட ஒப்பந்தமாகி இருந்தது. மூன்று மணிக்கு அவன் அங்கே ஒரு வீடே வாங்கிவிட்டான்.

நாலு மணிக்கு அவன் கெட்ட ஆட்டக்காரனாகிவிட்டான்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் தடித்த ஆள், கவுன்டரில் மஃப்ளரைத் தூக்கி எறிந்து. "இடது கால் மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்றது? வலது கால் எதுக்கு, நிக்கிறதுக்கா?"

"காத்தில்லைன்னா தடுமாறுவான்னு கூரையிலயே போட்டிருந்துச்சே," என்றாள் பள்ளி ஆசிரியை.

"மெக்ஃபெயில் முதல்லயே கண்டுபிடிச்சிருக்காரு பாரேன். ஒரு வார்த்தை பேசல மனுஷன். நாம திட்டினதை எல்லாம் வாங்கிக்கிட்டு உக்காந்திருந்தாரு," என்றார் மெக்கானிக்.

சேர்மன் கார்சைடுக்கும் தப்பிக்க ஒரு வாசல் கிடைத்துவிட்டது. மாலைப் பத்திரிகைக்கு அவர் உடனே பேட்டி கொடுத்தார்: வாக் கேட்ட சம்பளம் அநியாயம் என்றும், தானும் மேனேஜரும் சேர்ந்தேதான் வேண்டாம் என்று முடிவு செய்ததாகவும், மெக்ஃபெயிலின் கூர்ந்த பார்வைக்குப் போர்டு நன்றி சொல்வதாகவும். அன்று மாலை போர்டு கூடிப் பத்து நிமிடத்தில் கலைந்தது. மெக்ஃபெயில் பெட்டி கட்டவில்லை.

பெரில் கூரையின் அடுத்த இதழில் இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அட்டையில் அந்த வரி மறுபடி வந்தது. டெரெக் அதை ஒட்டும்போது அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்ன பார்வை? நான் கடையில சொன்னது அத்தனையும் நிஜம்," என்றாள்.

வசந்தத்தில் க்ராக்டன் நம் மைதானத்துக்கு ஆட வந்தது. அவர்களுடைய ஆட்டக்காரர்கள் வெளியே வந்ததும் ஹார்ல்ஷா படிகள் ஒரே குரலில் டோர்கில் வாக்கைக் கூவிப் பழித்தன. க்ராக்டன் ரசிகர்கள் முதலில் விழித்தார்கள். தங்கள் அணியில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் ஹார்ல்ஷாக்காரன் ஒருவனைப் பழித்தால் அவன் க்ராக்டன்காரனுக்கு வேண்டியவனாகத்தான் இருக்கவேண்டும். சற்று நேரத்தில் அந்தப் பக்கமிருந்து, மனம் புண்பட்ட ஆவேசத்தோடு, "டோர்-கில்! டோர்-கில்!" என்று எழும்பியது.

பெரில் குடையோடு வேலியோரம் நகர்ந்தாள். அந்தப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மஞ்சள் தொப்பி மனிதர் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருந்தார்.

"ஏன் கண்ணு," என்றாள் பெரில். "அவரு எப்படி ஆடுறாரு?"

மனிதர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"காயம். வந்ததுலேர்ந்து காயம்தான். ஆனா ஆடட்டும், அப்ப பாரு. அந்த இடது கால் இருக்கே…"

பெரில் தலையாட்டினாள். மைதானத்தின் மறுபக்கம் மெக்ஃபெயில் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். கழுத்தில் புது மஃப்ளர் ஒன்றைச் சுற்றியிருந்தார். வெள்ளை, சிவப்பு, நீலம், நடுவில் ஒரு பின்னல் கண்ணி விட்டுப்போயிருந்தது. வாக்கைக் கேலி செய்யத்தான் அதைப் போட்டிருக்கிறார் என்று நினைத்து ஹார்ல்ஷா படிகள் முழுவதும் கைதட்டின. அவர் ஒழுகும் மூலையைப் பார்த்து, மஃப்ளரின் நுனியை மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டினார்.

பெரில் குடையை ஒருமுறை மேலும் கீழும் ஆட்டினாள். அதன் தொய்ந்த துணியில் தேங்கியிருந்த மழைநீர் முழுவதும் வேலியைத் தாண்டி மஞ்சள் தொப்பிக்காரர் மேல் கொட்டியது.

"மன்னிச்சுக்க கண்ணு," என்றாள். "இது இங்க அடிக்கடி நடக்கும்."